நாலாவதாகச் சொன்னது

ஆகஸ்ட் 14, வியாழன்

அன்று பஸ்ஸில் இருந்தவர்கள்: டிரைவர் காசிமணி. கண்டக்டர் அருமைநாயகம், இடது காதில் மருந்துப் பஞ்சு வைத்திருந்தார். முன் சீட்டில் இரண்டு கன்னியாஸ்திரிகள், ஒருவர் கையில் குடை. குரும்பூர் வளையல்காரர் மைதீன். ஓலைப்பெட்டி விற்கும் அக்கா தங்கச்சி, தாயம்மாளும் பேச்சித்தாயும். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் சபாபதி பிள்ளை. அவருக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக இன்னொருவர், அவரை விடு. பின்வாசலை ஒட்டி நான், லிங்கக்கனி, வயது இருபத்தாறு. இடுப்பில் என் மகன் முருகேசன், ஒன்றரை வயது. காலடியில் இரண்டு கூடை கருவாடு, நெத்திலி ஒன்று, சாளை ஒன்று.

எண்பத்திரண்டாம் வருஷம், தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு. டிக்கெட்டின் கடைசி மூன்று எண் 417.

சபாபதி பிள்ளை மூக்கில் கைக்குட்டையை வைத்தார். அதைப் பார்த்த அருமைநாயகம் விசில் அடித்தார். "ஏ கருவாட்டுக்காரி, எறங்கு. பெரிய மனுஷங்க வார பஸ்ஸு" என்றார். செய்துங்கநல்லூருக்கு ஒரு மைல் முன்னால், பனைமரம் தவிர ஒன்றுமில்லாத இடம். கூடையை அவரே தூக்கிக் கீழே வைத்தார். மழை கொட்டியது. இடுப்பில் பிள்ளை பஸ்ஸைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்தான். பஸ் போய்விட்டது. கருவாடு ஊறி உப்பெல்லாம் கரைந்து ஓடியது.

பஸ்ஸின் பெயர் பொற்கிளி. பக்கவாட்டில் பச்சைக்கிளி வரைந்திருக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம், இன்று அதே கிளியைச் சுபாவின் கம்ப்யூட்டரில் பார்த்தேன். சுபா என் மகன் வயிற்றுப் பேத்தி. மகனும் மருமகளும் சார்ஜாவில் இருக்கிறார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் நானும் அவளும்தான். பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். திங்கட்கிழமை மட்டும் ஆபீஸ் போவாள், மற்ற நாள் வீட்டிலிருந்து. செப்டம்பரில் வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

பிரஷர் மாத்திரை போட்டேன். டாக்டர் தினமும் எழுதச் சொன்னது இதை மட்டும்தான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சுதந்திர தினம். சுபாவுக்கு லீவு இல்லை. சுபாவின் தாத்தா படத்துக்கு மல்லிகை வாங்கிப் போட்டேன்.

"ஏட்டி, அந்தக் கிளிப் படம் என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"பொற்கிளி பஸ் ஆச்சி. தீபாவளி டிக்கெட் இருவத்தொண்ணாந்தேதி காலைல எட்டு மணிக்குத் திறக்கு. மெட்ராஸ்ல இருக்க நம்ம ஊர்க்காரங்க பூராம் ஒரே நேரத்துல வந்து விழுவாங்க. அதைத் தாங்குத மாதிரி சர்வரைச் சரிபண்ணணும். போன வருஷம் வேற கம்பெனி பாத்துச்சு, படுத்துட்டு. இந்த வருஷம் நம்மகிட்ட குடுத்திருக்காங்க. நல்லபடியா முடிஞ்சா எனக்கு வேலை நிச்சயம்னு சார் சொல்லிட்டாரு."

"என்னத்தைச் சரிபண்ணுவ?"

அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொல்வதில் கெட்டிக்காரி. "உள்ள வேலை பாக்க ஆளு இருக்குனு வெச்சிக்கிடுங்க, கண்டக்டர் மாதிரி. வொர்க்கர்னு சொல்லுவோம். எத்தனை வொர்க்கர்னு ஒரு நம்பர். நம்ம மெஷினுக்கு நாலு போதும், கூடப் போட்டா ஒருத்தரை ஒருத்தர் இடிச்சிக்கிட்டுதான் நிப்பாங்க. ஒரு கண்டக்டர் ஒரே நேரத்துல எத்தனை பேரைக் கவனிப்பாருங்கது ரெண்டாவது நம்பர். அதுக்குக் கனெக்ஷன்னு பேரு. அப்புறம், ஒருத்தர் கேட்டதை வாங்கிட்டுப் பேசாம நிக்காருன்னா, அடுத்து எதும் கேப்பாரானு எத்தனை செகண்டு காத்திருக்கணும்ங்கது மூணாவது."

"பேசாம நிக்கவனுக்கு எதுக்குக் காத்துக்கிடக்கணும்? போகச் சொல்லு."

"அதேதான். இப்ப அறுவத்தஞ்சு செகண்டு இருக்கு. சாதாரண நாளைக்குச் சரி. அன்னைக்கி அப்படி விட்டா, சும்மா நிக்கவனே இடத்தை அடைச்சிக்கிடுவான்."

அருமைநாயகம் எனக்கு அறுபத்தைந்து செகண்டு காத்திருக்கவில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அந்தப் பஸ் கதை சுபாவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. துணி துவைத்தேன். அந்தக் கிளிக்கு என் பேத்தி உழைக்கிறாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சுபா ஆபீஸ் போய் வந்தாள். ஜெபசிங் எனக்கு மஸ்கோத் அல்வா கொடுத்துவிட்டிருக்கிறான். அவன் ஆபீசில் அவளுக்கு மூத்தவன், முப்பத்திரண்டு வயது, கைப்பிள்ளைக்காரன். வேலை கற்றுக்கொடுத்தவன் அவன்தான்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம். ஜூன் மாதம் யாரோ ஒருவர் ஏதோ ரகசிய எண்ணை வாட்சப்பில் தவறுதலாக வாடிக்கையாளர் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து முதலாளி நெல்லையப்பன் சார், சர்வர் சம்பந்தப்பட்ட எண் எதுவும் எழுத்தில் போகக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டார். வாயால் சொன்னால் யாராவது ஞாபகம் வைக்க வேண்டுமே. சுபா குளிக்கப் போயிருந்தபோது ஒரு தரம் நான் போனை எடுத்தேன். ஜெபசிங் சொன்ன பதினான்கு எண்ணை மூன்று நாள் கழித்துச் சுபா கேட்டபோது ஒரே மூச்சில் சொன்னேன். அதிலிருந்து என்னிடமே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

"எங்க கம்பெனிக்கு ரெண்டு சர்வர். ஒண்ணு பம்பாய்ல, ஒண்ணு ஸ்ரீவைகுண்டத்துல" என்பான். "ஸ்ரீவைகுண்டத்துச் சர்வர் இதுவரைக்கும் ஒருநாளும் படுத்ததில்ல."

நான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அவனிடம் எண்பத்திரண்டில் வாங்கிய பஸ் டிக்கெட் எண்ணைக்கூடச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். என்ன பஸ், அன்று என்ன நடந்தது என்று அவன் கேட்கவில்லை.

ஞாபகம் இருப்பதில் ஒரு கஷ்டமும் உண்டு. பக்கத்து வீட்டு ராமலட்சுமியின் மாமியார் தொண்ணூற்றொன்றில் இரவல் வாங்கிய அலுமினியப் பானையை நசுக்கித் திருப்பித் தந்தாள். அவள் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. இன்னும் அந்தப் பானையில் சோறு வடிக்கும்போதெல்லாம் அவளைத் திட்டுகிறேன்.

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் பால்காரர் வரவில்லை. கடுங்காப்பிதான். நாளை கரண்டு போனாலும் போகலாம் என்று சுபா சாயங்காலம் இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் வாங்க ஸ்கூட்டரில் போனாள். போனை சார்ஜில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். ஐந்தரைக்கு ஜெபசிங் கூப்பிட்டான்.

"சுபா இல்லையா? அப்ப நீங்களே வாங்கிக்கிடுங்க ஆச்சி. நான் நாகர்கோயில் ரயில்ல ஏறிட்டேன். நாளைக்கு மாமனார் வருஷ நினைவு. அவுக ஊர் மலையடி, டவரே கிடையாது. சோதிச்சுப் பாத்து முடிச்சிட்டேன். நாலு விஷயம்."

"சொல்லுய்யா."

"ஒண்ணு, வொர்க்கர் நாலு. ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் கனெக்ஷன் நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு. மூணு, காத்திருக்க நேரம் அறுவத்தஞ்சை அஞ்சாக்கணும். நாலாவது ரொம்ப முக்கியம் ஆச்சி. லிமிட்டை ஏத்தணும். ஓப்பன் ஃபைல் லிமிட்டுனு சொல்லுங்க, அவளுக்குத் தெரியும். இப்ப ஆயிரத்து இருவத்திநாலுல நிக்கி. அறுவத்தஞ்சாயிரத்து ஐநூத்தி முப்பத்தஞ்சு ஆக்கணும். இதை ஏத்தலைன்னா முதல் மூணும் சும்மா. டெஸ்ட் மெஷின்ல நான் ஏத்திட்டேன், நெஜ மெஷின்ல அவதான் ஏத்தணும்."

"லிமிட்டுனா என்னய்யா?"

"பஸ்ஸுல நூறு சீட்டு போட்டாலும் பெர்மிட்டு அம்பதுக்குத்தான்னா அம்பது பேருதான ஏறலாம்? பெர்மிட்டு மாதிரி."

நாலையும் திருப்பிச் சொன்னேன். "ஸ்ரீவைகுண்டத்துச் சர்வர்னா சும்மாவா" என்று சொல்லிவிட்டு வைத்தான்.

சுபா வந்ததும் கிளிப் படத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சொன்னேன். வொர்க்கர் நாலு. கனெக்ஷன் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு. காத்திருக்கும் நேரம் ஐந்து.

"அவ்வளவுதானா ஆச்சி?"

அடுப்பில் பால் பொங்கிவிட்டது. இறக்கப் போனேன். திரும்பி வரும்போது அவள் தட்ட ஆரம்பித்திருந்தாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எட்டு மணிக்குத் திறந்தார்கள். எட்டு ஒன்று வரைக்கும் ஓடியது. எட்டு இரண்டுக்கு நின்றது.

நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சுபாவின் போன் விடாமல் அடித்தது. நெல்லையப்பன் சார், பொற்கிளி ஆபீஸ், திரும்பவும் சார். நிறுத்தித் திருப்பி ஓட்டினாள். ஒரு நிமிஷம் ஓடும், பிறகு நின்றுவிடும். "நாலாயிரத்துக்கு மேல வெச்சிருக்கேனே, எதுக்கு ஆயிரத்துலயே முட்டிக்கிட்டு நிக்கி?" என்று தன்பாட்டுக்குச் சொன்னாள். ஜெபசிங்கைக் கூப்பிட்டுப் பார்த்தாள், டவர் இல்லை.

முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதத்தானே சொன்னார்கள், எழுதுகிறேன். அன்று மழையில் நான் நின்ற மாதிரி அந்தக் கிளி அசையாமல் நின்றது. கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

எட்டே காலுக்கு ராமலட்சுமி ஓடி வந்தாள். அவள் மகன் அம்பத்தூரில் பிஸ்கட் பாக்டரியில் இருக்கிறான், இரண்டு வருஷமாகத் தீபாவளிக்கு வரவில்லை. "ஏ சுபா, சின்னவன் ஏழரையில இருந்து போனைக் கையில வெச்சிக்கிட்டு இருக்கான்டி. எட்டரைக்கு ஷிப்டு, போனை வாங்கி வெச்சிருவானுங்களாம். நம்ம பிள்ள பாக்குத பஸ்ஸுதான, ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுடி."

"எனக்கே திறக்க மாட்டேங்கு அத்தை" என்று சுபா அழுதாள்.

சிறு பிள்ளையில்கூட அவள் அப்படி அழுததில்லை. அந்த ஒரு வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. இப்போது சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே. கீரைத் தண்டை நார் நாராகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

எட்டு நாற்பத்தெட்டுக்கு அவளே கண்டுபிடித்தாள். "லிமிட்! அடப்பாவி, லிமிட்டை ஏத்தலையே!" நாலு வரி தட்டினாள். ஓடியது. எட்டு ஐம்பத்து மூன்றுக்கு எல்லா சீட்டும் தீர்ந்துவிட்டது. பொற்கிளிக்கு ஒரு சீட்டும் மிஞ்சவில்லை, ஒரு நஷ்டமும் இல்லை. ராமலட்சுமி மகனுக்குத்தான் கிடைக்கவில்லை.

கீரை சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஜெபசிங் ஊரிலிருந்து வந்துவிட்டான். பதினொரு மணிக்குச் சுபா போனை ஸ்பீக்கரில் வைத்தாள். ஒரு பக்கம் சார், ஒரு பக்கம் அவன்.

"நான் நாலும் சொன்னேன் சார். லிமிட்டை ரெண்டு தரம் அழுத்திச் சொன்னேன்."

"என்கிட்ட வரலை சார்" என்றாள் சுபா. "திருப்பி ஓட்டும்போது மஞ்சளா ஒரு வரி எச்சரிக்கை வந்தது. அதை நானும் கவனிக்காம விட்டுட்டேன். அது என் தப்புதான்."

"ஆச்சி பக்கத்துல இருக்காங்களா? ஆச்சி, ஜெபசிங் உங்ககிட்ட எத்தனை விஷயம் சொன்னான்?"

"மூணு" என்றேன்.

சார் சொன்னார். "எண்பத்திரண்டுல வாங்குன பஸ் டிக்கெட் நம்பர் ஆச்சிக்கு ஞாபகம் இருக்குனு நீதானடே ஊர் பூராம் சொல்லிட்டுத் திரிஞ்ச? முந்தாநாள் சொன்னது மறந்துருமா?"

ஜெபசிங் போனை வைத்துவிட்டான்.

தாத்தா படத்துக்குப் பூ போட்டேன்.

ஆகஸ்ட் 23, சனி

மாத்திரை போட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஜெபசிங்கை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சுபா ஆபீஸிலிருந்து வந்ததும் சொன்னாள். பொற்கிளிக்காரர், யார் தப்பு என்று தெரிந்தாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாராம்.

நல்ல வேலைக்காரன், வேறு இடம் கிடைக்கும் என்று எழுதினேன். எழுதியதை அடித்துவிட்டேன். அவனுக்கு எட்டு மாதப் பிள்ளை.

ராமலட்சுமி வாசலில் பார்த்தும் பேசாமல் போனாள். அவள் மாமியார் பானை ஞாபகம் வந்தது. பானை நசுங்கியதற்கு முப்பத்து நாலு வருஷம் திட்டினேனே, எனக்கு எத்தனை வருஷம்?

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை அவித்துக்கொண்டிருந்தபோது ஜெபசிங் வந்தான். சுபா கோயிலுக்குப் போயிருந்தாள். அவளுடைய ஹெட்போன் ஒன்று அவனிடம் இருந்ததாம், கொடுக்க வந்தான். தபாலில் அனுப்பியிருக்கலாம். வந்தான்.

"உள்ள வாய்யா, இரு" என்றேன். வேறு என்ன சொல்ல? கொழுக்கட்டை இரண்டு வைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டான்.

"பூரணம் நல்லா இருக்கு ஆச்சி."

"தேங்கா கொஞ்சம் முத்தல்."

"ஆச்சி" என்றான். தட்டைக் கீழே வைத்துவிட்டான். "நான் சொன்னேன்லா? நாலாவது ஒண்ணு. நீங்ககூட லிமிட்டுனா என்னய்யானு கேட்டீங்க. பெர்மிட்டு மாதிரினு சொன்னேன். நெஜமா ஞாபகம் இல்லையா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஒன்றும் இல்லை. ஒரு மாடு நின்றது. அவன் எழுந்திருக்கும் வரைக்கும் அந்த மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பரவால்ல ஆச்சி, விடுங்க" என்றான். "வயசாயிட்டுல்லா. எங்க ஆச்சியும் கடைசில என் பேரையே மறந்துட்டா. நீங்க மனசுல வெச்சிக்கிடாதீங்க. சுபாகிட்ட ஒருக்க டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். எனக்கு அது நன்றாக வரும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இந்த நோட்டைத் திரும்பப் படித்தேன். இருபதாம் தேதி பால் பொங்கியது என்று எழுதியிருக்கிறேன். பொங்கவில்லை. அன்று வீட்டில் பாலே இல்லை, அதையும் அதே பக்கத்தில் மேலே எழுதியிருக்கிறேன். சுபா "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். நான் அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றேன். அவள் தட்டும் சத்தம் கேட்கும்வரை நின்றேன்.

பதினான்காம் தேதி எழுதியதிலும் ஒன்றை மறைத்திருக்கிறேன்.

ஜன்னலோரம் இருந்தவர் சுபாவின் தாத்தா.

கூட்டுறவுச் சங்கத்தில் அவருக்கு அட்டெண்டர் வேலை. சபாபதி பிள்ளையோடு பாளையங்கோட்டையில் ஏதோ மீட்டிங். வெள்ளைச் சட்டை, நான் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தது. நான் கருவாடு விற்பது சங்கத்தில் யாருக்கும் தெரியக் கூடாது, வெளியில் கண்டால் பேசாதே என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தார். சரி என்றிருந்தேன். நான் ஏறும்போது அவர் இருந்ததைக் கவனிக்கவில்லை. அருமைநாயகம் விசில் அடித்தபோதுதான் பார்த்தேன்.

கூடையை இறக்க நேரமானது. நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஜன்னலில் அவர் முகம். முருகேசன் கையை நீட்டியது பஸ்ஸைப் பார்த்து அல்ல, அப்பாவைப் பார்த்து. "ப்பா, ப்பா" என்றான். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு காசிமணியின் முதுகைப் பார்த்தார். பஸ் கிளம்பும்வரை அப்படியே இருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "மழைல நனைஞ்சிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு இருபத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அதை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசாமல் இருக்க வேண்டுமென்றால் யாரையாவது திட்ட வேண்டும். அதற்கு எனக்குப் பொற்கிளி கிடைத்தது.

நேற்று நான் ஜன்னலைப் பார்த்தேனே, மாட்டைப் பார்த்தேனே, அது யாரிடம் படித்தது என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பூ வாங்கவில்லை.

சுபாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்தவளை உட்கார வைத்து, "ஜெபசிங் நாலு சொன்னான்" என்றேன்.

"மறந்துட்டீங்களா ஆச்சி?"

"மறக்கல. அறுவத்தஞ்சாயிரத்து ஐநூத்தி முப்பத்தஞ்சு. சொல்லாம விட்டேன்."

"எதுக்கு?"

பஸ்ஸைச் சொன்னேன். மழையைச் சொன்னேன். ஜன்னலைச் சொல்லவில்லை, அது அவளுடைய தாத்தா.

"நாப்பத்திமூணு வருஷத்துக்கு முந்தி எவனோ ஒரு கண்டக்டர் பண்ணினதுக்கு, எனக்கு வேலை சொல்லிக் குடுத்த அண்ணன் வேலை போச்சு. நான் நாப்பத்தாறு நிமிஷம் அழுதேன். நீங்க கீரை ஆஞ்சீங்க" என்றாள்.

அவளுக்கும் என் ஞாபகம்தான் வாய்த்திருக்கிறது.

அப்புறம் எழுந்து முகம் கழுவி வந்தாள். "மறந்துட்டேன்னு சார்கிட்ட சொல்லிருங்க. வயசானவங்கனு விட்டுருவாரு. அண்ணனையும் திரும்பக் கூப்பிட்டுக்கிடுவாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

நல்ல வழிதான். இரண்டு நாள் யோசிக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மறந்துவிட்டேன் என்று சொன்னால் எல்லோரும் என்னைப் பாவம் என்பார்கள். ஜெபசிங் முதலில் சொல்வான். ஏற்கெனவே சொல்லிவிட்டான். அவன் வாயால் இன்னொரு தரம் அதைக் கேட்க எனக்கு முகம் இல்லை.

நெத்திலி வாங்கி வறுத்து டப்பாவில் போட்டேன். அவன் பெண்சாதிக்குப் பிடிக்கும் என்று ஒரு தரம் சொன்னான், ஜூலை மாதம் இரண்டாவது வாரம்.

செப்டம்பர் 1, திங்கள்

சுபாவோடு ஆபீஸ் போனேன். ஸ்டாண்டில் முதலில் வந்த பஸ் பொற்கிளி. கிளி இப்போது பச்சையில்லை, ஸ்டிக்கரில் பளபளவென்று இருக்கிறது. சுபா, "அடுத்த பஸ்ல போவோம் ஆச்சி" என்றாள். நான் ஏறிவிட்டேன்.

கண்டக்டர் ஒரு பொடியன், மீசையை முறுக்கிவிட்டிருந்தான். டப்பாவைப் பார்த்தான். "என்ன ஆச்சி, நெத்திலியா? பஸ்ஸுக்கே பசிக்கு. யாருக்குக் கொண்டு போறீங்க?"

"நான் கெடுத்த ஒரு பிள்ளைக்கு" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு, முன்னால் ஒருவரை எழுப்பி எனக்கு இடம் கொடுத்தான். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை. ஜன்னலோரம். செய்துங்கநல்லூர் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க் இருக்கிறது என்று சுபா சொன்னாள்.

நெல்லையப்பன் சார் நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்தார். சுபா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜெபசிங் நாலு விஷயம் சொன்னான். நான் மூணுதான் சொன்னேன். மறந்து விடலை சார். வேணும்னே விட்டேன். அன்னைக்கி போன்ல உங்ககிட்டயும் பொய் சொன்னேன்" என்றேன். "என் பேத்திக்கு இதுல பங்கு கிடையாது. பொற்கிளிகிட்ட என் பேரைச் சொல்லிக்கிடுங்க. லிங்கக்கனி, கருவாட்டுக்காரி."

அவர் காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "எதுக்கு ஆச்சி?" என்று கேட்டார். பஸ்ஸைச் சொன்னேன். டம்ளரை மேசையில் வைத்தார். "அத்தனை பேர் நிக்கிற சர்வரை ஒரு ஆச்சி வாயை நம்பி விட்டேனே, அது என் மடத்தனம்" என்று கடைசியில் சொன்னார். இனி எல்லாம் எழுத்தில்தான், பூட்டுப் போட்ட ஒரு இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்று சுபாவிடம் சொன்னார். அவளுடைய வேலை நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போகிறது. அந்த மஞ்சள் வரிக்காக என்றார். எனக்காக என்று எல்லோருக்கும் தெரியும்.

ஜெபசிங்கைப் போனில் கூப்பிட்டார். வரச் சொன்னார். அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். நாகர்கோவிலில் ஒரு இடத்தில் கேட்டிருக்கிறானாம். "ஆச்சி பக்கத்துல இருக்காங்க, பேசுதியா?" என்று சார் கேட்டார். "இப்ப வேண்டாம் சார்" என்றான்.

நெத்திலி டப்பாவை அவனுடைய மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

வரும் வழியில் சுபா வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். இறங்கும்போது மட்டும் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். உடனே விட்டுவிட்டாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

ராமலட்சுமி வீட்டுக்கும் போனேன். சொன்னேன். அவள் கத்தினாள். தெருவே கேட்டது. நியாயம்தான். நின்று கேட்டுவிட்டு வந்தேன்.

மாத்திரை போட்டேன். பால் வந்தது. காய்ச்சினேன், பொங்க விடவில்லை.

முதல் நாள் எழுதிய பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது. அதை முடித்துவிட்டு நோட்டை மூடுகிறேன். காசிமணி வண்டியை ஓட்டினார், அவர்மேல் ஒன்றுமில்லை. அருமைநாயகத்துக்கு அது வேலை. நேற்று அந்த மீசைக்காரப் பையன் இடம் கொடுத்தபோதே அவரை விட்டுவிட்டேன். சபாபதி பிள்ளைக்கு நாற்றம் பிடிக்கவில்லை, மூக்கைப் பொத்தினார். என் கணக்கு ஜெபசிங் கையில் இருக்கிறது. அவன் எப்போது பேசுகிறானோ அப்போது பேசட்டும், பேசாமலே போனாலும் கேட்க எனக்கு வாயில்லை.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் கேட்டபோது முருகேசனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டபோது அவருடைய பென்ஷன் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். மரியாதைக்குத்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

டிரைவருக்குப் பின்னால், இரண்டாவது வரிசை, ஜன்னலோரம், வெள்ளைச் சட்டை. பிள்ளை கூப்பிட்டான், திரும்பிப் பார்க்கவில்லை. அவரை நான் மன்னிக்க மாட்டேன்.

அவர் பெயர் ஆ. பலவேசம்.